ஒன்றில் நிற்கும் கணக்கு

“ஹினெக் இன்னும் போகல” என்றாள் ஷார்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நேத்துதானே கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வந்த? அங்கேயே சொல்லிட்டு வந்திருக்கலாம்ல” என்றான் வோய்தா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். செத்தவன் அவள் புருஷன்.

செக் நாட்டின் ப்ர்னோ நகரில் அந்த ஐந்தாம் மாடி அறையில், கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலின் மெமரி கணக்கை எழுதுகிறவர்கள் இப்போது மூன்று பேர். வசந்தத்தில் ஹினெக்கின் இதயம் நின்றுபோகும் வரை நான்கு பேர். யார் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஆளாளுக்குத் தனிக்கணக்கு வைக்கும். அந்தப் பகுதியை எழுதியதே ஹினெக்தான்.

அவன் போனதும் பொதுக் கணினியில் அவன் கணக்கை மூடினார்கள். அவன் பெயரில் பிடித்து வைத்திருந்தவற்றின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கி, ஒன்றில் நின்றுவிட்டது. பூஜ்யம் ஆகாத கணக்கைக் கெர்னல் அழிக்காது. அன்றிலிருந்து தினமும் காலையில் திரையைத் திறந்தால் அவன் பெயர், பக்கத்தில் ஒன்று. ஷார்காவுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“பேயுமில்ல, பூதமுமில்ல. உன் புருஷன் பூட்டு போட மறந்துட்டான்” என்றார் ராதிம்.

ராதிம்தான் அங்கே தலைவர். காலையில் முதல் ஆளாக வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அப்போது கூப்பிட்டால் குதறிவிடுவார். ஏதோ காட்டுக்கத்தல் பாட்டு என்பது வோய்தாவின் கணிப்பு.

“ஒரு அறை, உள்ள எத்தனை பேர்னு வாசல்ல ஒரு பலகைன்னு வெச்சுக்கோ. பலகையில ரெண்டுன்னு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அதைப் பாக்குறாங்க. தான் கிளம்புறதுக்கு ஒண்ணக் குறைச்சு, ஆளுக்கு ஒருதரம் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போறாங்க. உள்ள யாருமே இல்ல, பலகையில மட்டும் ஒண்ணு நிக்குது. ஒருத்தன் எழுதி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தன் கை வைக்காம இருக்கத்தான் பூட்டு. அது இவன் எழுதினதுல இல்ல” என்றார் ராதிம்.

“நிச்சயமா?” என்றாள் ஷார்கா.

“மத்தியானம் அவன் எழுதினதைத் தூக்கிடப் போறேன். ஏன் தூக்கினோம்னு எல்லாருக்கும் மெயில் போகும்.”

எல்லாரும் என்றால், உலகத்தில் இந்தக் கெர்னலைத் தொடுகிற அத்தனை பேரும். ஹினெக்கின் பெயர் அங்கே கடைசியாக வரப்போவது ஒரு தப்புக்காக. ஷார்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“உயிரோட இருந்தப்பவும் தினம் அவர்கூட மல்லுக்கட்டுனீங்க. இப்பவும் விடமாட்டீங்களா?”

“தப்புன்னா தப்புதான்” என்றார் ராதிம். காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஷார்கா ஹினெக் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். பூட்டு இல்லைதான். ஆனால் பார்ப்பது, குறைப்பது, எழுதுவது மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே அசைவாக ஆக்கி வைத்திருந்தான். நடுவில் இன்னொரு கை நுழைய இடமே இல்லை.

அவள் அதோடும் விடவில்லை. ஆயிரக்கணக்கில் பொய்க்கணக்குகளைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடித்துப் பிடித்து மூடவைத்தாள். ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பூஜ்யத்தில் போய் விழுந்தது. ஹினெக்கின் கணக்கு மட்டும் அசையவில்லை.

வோய்தா கடித்துக்கொண்டிருந்த கசகசா ரொட்டியைக் கீழே வைத்தான். “அப்ப எண்ணிக்கை தப்பில்ல. அந்த ஒண்ணு நிஜம்.”

“ஆமா. எதையோ யாரோ இன்னும் பிடிச்சிட்டிருக்காங்க.”

“செத்துப்போனவன் பேர்லயா? எனக்குக் கையெல்லாம் சில்லுங்குது, ஷார்கா.”

“ஒரு ஃபைலை முதல்ல யார் திறந்தாங்களோ, அவங்க பேர்லதான் எழுதிக்கும். அப்புறம் யார் கையில இருந்தாலும் பேர் மாறாது.” அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். “யார் கையில இருக்குன்னு நாம இதுவரைக்கும் கேக்கவே இல்ல.”

கேட்டாள். திரையில் ஒரு வரி வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். எழுந்து ராதிமின் மேசைக்குப் போனாள்.

ஹெட்ஃபோன் அங்கே கிடந்தது. திரையில் ஏதோ ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. காதில் மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

‘ராதிம், நீ ஒரு கழுதை. திரும்பவும் தப்பான இடத்துல பூட்டு போட்டிருக்க. எத்தனை தடவைடா உனக்குச் சொல்றது?’ கோப்பையை வைக்கிற சத்தம். பிறகு அந்தச் சிரிப்பு, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு.

எப்போதோ ஒரு கூட்டத்தில் ஹினெக்கே பதிவு செய்து, பொதுக் கணினியில் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த ஃபைல். ஷார்கா சத்தத்தைக் கூட்டினாள். இனி கேட்கவே முடியாது என்று அவள் அழுது தீர்த்த குரல் அது.

கதவு திறந்தது. ராதிம் நின்றார்.

“ராதிம், அந்த ஒண்ணைப் பிடிச்சிட்டிருக்கிறது நீங்கதான்” என்று கத்தினான், ஷார்காவின் திரையில் அந்த வரியைப் படித்துவிட்ட வோய்தா. “அதை மூடினாப் போதும், பூஜ்யம் ஆயிடும்!”

ஷார்காவின் விரல் மூடும் பொத்தான்மேல் இருந்தது. ராதிம் அந்த விரலையே பார்த்தார். கோப்பையிலிருந்து காப்பி தரையில் சிந்திக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“மூடிடாத, ஷார்கா... போயிடுவான்.”