இன்னும் அழாதவள்

கூடல் சமூக வலைத்தளத்தை விட்டு அனுசுயா வெளியேறி அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. செல்பேசிதான் அவளை விடவில்லை. 'உங்கள் குடும்பத்தில் ஒரு மரணம். 214 பேர் அழுதுவிட்டார்கள். யாரென்று அறிய உள்ளே வாருங்கள்.' கீழே ஒரு படம். மாலை தெளிவாக, முகம் மங்கலாக.

போன வாரமும் இதே செய்தி வந்து, பதறியடித்துக்கொண்டு உள்ளே போனாள். செத்தது சித்தி வீட்டுப் பூனை. அந்தக் குமட்டலில்தான் வெளியேறினாள்.

மாலையில் ஊரிலிருந்து தம்பி ஜெகதீஷ் விடுதி வாசலில் வந்து நின்றான். தலையில் தொப்பி.

"நீ மட்டும்தான் இன்னும் அழலைன்னு காட்டுதுக்கா. மாமா கத்துறாரு. ஒரே ஒரு தடவை உள்ள போயேன்."

"யாருக்குடா என்ன ஆச்சு? வாயத் திறந்து சொல்லு."

"வெளிய சொன்னா கணக்கை மூடிடுவாங்க. நம்ம போட்டோ எல்லாம் அதுலதான்க்கா இருக்கு."

தன் செல்பேசியை நீட்டினான். திரையில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது. அனுசுயா அதைத் தொடாமல் செல்பேசியை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவன் தொப்பியைப் பிடுங்கினாள். புதிதாய் மழித்த தலை.

ஜெகதீஷ் உடைந்துபோனான்.

"அம்மாதான்க்கா. நேத்தே எடுத்துட்டோம்."