விரலைக் குடுங்க, அத்தை

மேசைமேல் இருந்த பேனாவை மருமகள் வெடுக்கென்று எடுத்துத் தன் விரலில் வைத்து அழுத்தினாள். டக்! ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. அதே பேனாவை மாமியார் பக்கம் நீட்டினாள்.

"இப்ப உங்க விரலைக் குடுங்க, அத்தை."

அது எழுதும் பேனா இல்லை; சர்க்கரை பார்க்க விரலைக் குத்துவது. பொத்தானைத் தட்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளி, கண் இமைப்பதற்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். மாமியாருக்குப் பல வருடச் சர்க்கரை. மருமகளுக்குக் கர்ப்பத்தில் வந்தது. "வீட்டுக்கு ஒரு பேனா போதாதா?" என்று மாமியாரே அவளுக்கும் குத்திவிடுவாள், காலைச் சாப்பாட்டைப் போலவே தனக்கு ஆன பிறகு. ஊசியும் மழுங்கினால்தான் மாறும்.

போன வாரம் எல்லாம் தலைகீழானது. ஏழாம் மாத ரத்தச் சோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்று வந்தது. கர்ப்பமான புதிதில் எடுத்த சோதனையில் அது இல்லை.

"சிலருக்கு வருஷக்கணக்கா சத்தமே போடாம உள்ள இருக்கும்" என்றார் டாக்டர். "கூட உட்கார்ந்து சாப்பிட்டா ஒட்டாது, ரத்தத்துலதான் பரவும். குழந்தைக்குப் போற வாய்ப்பு குறைவு. பிரசவம் ஆகட்டும், மாத்திரையிலயே குணமாக்கிடலாம்."

மாமியார் காதில் எதுவும் ஏறவில்லை. தட்டு தனி, சோப்பு தனி என்றாகிவிட்டது. பேனா மாமியாரின் அலமாரிக்குள் போனது. இன்று தீர்ப்புச் சொல்லத் தன் கொழுந்தனாரையும் வரவழைத்திருந்தாள்.

"எவன்கிட்ட வாங்கிட்டு வந்தாளோ! பிள்ளையைப் பெத்து எங்க கையில குடுத்துட்டு அவ அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டட்டும்."

கணவன் தரையில் புதையல் தேடிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான், காலையில் சர்க்கரை பார்த்துவிட்டு மாமியார் மேசையிலேயே விட்டிருந்த பேனாவை மருமகள் எடுத்தாள்.

"ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" கொழுந்தனார் எழுந்தே விட்டார்.

"தினமும் நடக்கறதுதானே, சின்ன மாமா? விரலை ஏன் மடக்கறீங்க, அத்தை?"

மருமகள் நாற்காலியை இன்னும் நெருக்கினாள். வாரம் முழுக்க அழுத கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

மாமியார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அலறினாள்.

"டேய், பழி வாங்குறாடா! அவ ரத்தம் பட்ட ஊசிடா அது! ஒருத்தியைக் குத்தினதை இன்னொருத்திக்குக் குத்தினா நோய் ஒட்டாம என்ன செய்யும்?"

கணவன் இப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"நல்லாக் கேட்டுக்குங்க. உங்க அம்மா வாயாலயே வந்துடுச்சு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மருமகள் பேனாவை மேசையில் வைத்தாள். பிறகு நிதானமாக மாமியாரைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் எனக்கு முன்னாடி அது யாரைக் குத்துச்சு, அத்தை?"