காது மெஷின்

பை வண்டியில் ஏறிவிட்டது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

“அம்மிணி, என்ற காது மெஷினப் பாத்தியா?”

வாசலில் நின்றிருந்த மருமகள் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

காலையில் அவர் அறைக் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஸ்டூலின் மேலிருந்த எல்லாவற்றையும் ஒரே வாரலில் பைக்குள் தள்ளியிருந்தாள். பாக்குமட்டைத் தட்டு, காகித டம்ளர், மாத்திரை அட்டை, சளியைத் துடைத்துச் சுருட்டிப் போட்ட காகிதங்கள். எதையும் பிரித்துப் பார்க்காதே, அந்த அறையில் நிற்காதே என்றுதான் சுகாதாரத் துறை ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. வயிற்றில் ஏழு மாதம்.

சுருட்டிய காகிதங்களில் ஒன்று கனத்திருந்தது. இப்போது கைக்கு ஞாபகம் வந்தது. ராத்திரி கழற்றிய மெஷினைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்.

“மாராயிக்கா! நில்லுங்க!”

வாசலை மறித்து மார்பளவுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எக்கினாள்.

முழுப் பாதுகாப்பு அங்கிக்குள் இருந்த உருவம் திரும்பியது. நோய் வருவதற்கு முன்பும் இந்தத் தெருவில் குப்பை வாங்கியவள்தான் மாராயி. முட்டை ஓட்டோடு பால் கவரைக் கலந்து போட்டால் வாங்க மாட்டாள். நின்று பிரிக்க வைப்பாள். இப்போது நோய் கண்ட வீட்டுக்கெல்லாம் ஒரே மஞ்சள் பை. மக்குவது, மக்காதது என்ற பேச்சே கிடையாது.

மொத்தத்தையும் எரித்துவிடுவார்கள்.

“மாமாவோட காது மெஷின் பைக்குள்ள போயிருச்சுங்க்கா. பையக் குடுங்க, நானே தேடி எடுத்துக்கறேன்.”

“கட்டுன பையப் பிரிக்கக் கூடாதுங்க. ஏத்துனதத் திருப்பிக் குடுக்கவும் கூடாது.”

“அது இல்லாம அவருக்கு ஒண்ணுமே கேக்காது. கண்ணும் மங்கிப்போச்சு. ஆப்பரேசன் நாள் குறிச்சிருந்தாங்க, இப்ப வேண்டாம்னு தள்ளி வெச்சுட்டாங்க.”

மாராயி வண்டியில் ஏறினாள்.

தெருத் தெருவாக வாங்கிய பைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே மாதிரி முடிச்சு. ஒவ்வொன்றாக மேலாகவே அமுக்கிப் பார்த்தாள், மாம்பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பதைப்போல.

ஒரு பையில் கை நின்றது.

“கெட்டியா ஒண்ணு தட்டுப்படுதுங்க.”

விரல்கள் முடிச்சுக்குப் போயின.

எதிர்வீட்டு மாடி ஜன்னல் திறந்தது.

“ஏய்! எங்க ஊட்டு முன்னால வெச்சா பிரிக்கறே?”

ரத்தினசபாபதி. போன மாதம் வரை மாமனாரின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனவர். ஜன்னல் கம்பிக்கு வெளியே செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மாமாவோட மெஷினுங்க…”

“தெரியும் அம்மிணி. எனக்கும் ஊட்டுல புள்ளைக இருக்குதல்ல?”

டிரைவர் ஆரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

மாராயி முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். முகமூடிக் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. உள்ளே கண்கள் தெரியவில்லை.

“கடை தொறந்ததும் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க,” என்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

“அம்மிணி?”

அறைக் கதவுக்கு ஓடினாள். “இங்கதான் இருக்கறனுங்க மாமா.”

“அம்மிணி, இருக்கியா?”

“இருக்கறனுங்க!”

கதவைத் தட்டினாள். உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு கத்தினாள். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

“இருக்கியா சாமி?”

இரண்டு வாரமாக இந்தக் கதவுக்கு இப்பக்கம் நின்று அவள் பேசித்தான் அவருக்குப் பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது. சாயங்காலம் சூரத்திலிருந்து அவர் மகன், அவள் கணவன், கூப்பிடுவான். ரயில் விட்டால் வந்துவிடுவேன் என்பான். போனைக் கதவிடுக்கில் வைப்பாள். மகன் வைத்த பிறகும் அவர் “சரி கண்ணு, சரி கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“உன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா? சொல்லாமயேவா கூட்டிட்டுப் போனாங்க?”

“இல்லீங்க மாமா! எந்திரிக்காதீங்க!”

ஸ்டூல் உருண்டது. சுவரைத் தடவிக்கொண்டு வரும் கையின் சத்தம். எதிலோ இடித்துக்கொண்டார். அந்த வலிக்கும் அவர் குரல் எழவில்லை. அவள் பெயரைத்தான் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். மற்றொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது.

திறந்தாள்.

அவர் சுவரோடு சுவராக நின்றிருந்தார். ஒரு கையைக் காற்றில் நீட்டி, ஆளில்லாத பக்கமாகத் துழாவிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று காலைத் தொட்டுக் கும்பிட்டதோடு சரி. அதன் பிறகு அவரை அவள் தொட்டதேயில்லை.

நீட்டிய கையைப் பிடித்தாள்.

கொதித்தது.

அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் ஏறி, வளையல்களை ஒவ்வொன்றாகத் தடவின. முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

“உள்ள எதுக்கு வந்தே?” என்றார். “போ அம்மிணி. வெளிய போ.”

மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார். சொல்லச் சொல்லப் பிடி இறுகிக்கொண்டே போனது.

மெல்ல நடத்திக் கட்டிலுக்குக் கூட்டி வந்தாள்.

“போறனுங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.