வெயிலில் காய்ந்த ரப்பர்

"அது வேணாம் பாய். வாசல்ல தொங்குதே, வெயில்ல காஞ்சு… அந்த ரப்பரைக் கொடுங்க."

மீரா உசேனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாபநாசம் கடைத்தெருவில் தூண்டில், வலை, உண்டிவில் என்று இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறார். மட்டமான சரக்கைத் தேடிப் பிடித்துக் கேட்கிற ஒரே ஆள் இந்த வானதிதான்.

"தங்கச்சி, அது பார்வைக்குத் தொங்க விட்டது. ஆறு மாச வெயில்ல செத்துப்போச்சு. இதைப் பாருங்க, நேத்துதான் வந்துச்சு. இழுத்து விட்டா ஆத்துக்கு அந்தக் கரையில போய் விழும்."

வானதி புது ரப்பரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். உடனே கீழே வைத்துவிட்டாள். பழசை இழுத்தாள். அது சோம்பலாக நீண்டு, சோம்பலாகவே திரும்பியது.

"இது போதும் பாய். அவருக்கு இதுதான் சரி."

போன போகத்திலும் இதே கூத்துதான்.

வானதியின் புருஷன் சாமிதுரை போன வருஷம் இவரிடம்தான் உண்டிவில் துப்பாக்கி வாங்கினார். மரக்கட்டையில் விசை வைத்தது. ரப்பரை இழுத்து மாட்டி, கோலிக்குண்டைப் போட்டு விசையைத் தட்ட வேண்டும். வயலில் மயில் தொல்லை. குறுவைக் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மயில் இறங்கினால் கொத்துவது பாதி, மிதிப்பது மீதி.

அந்த மனுஷன் விடிந்ததும் துப்பாக்கியோடு வரப்பில் போய் நிற்கிறார். ஒரு மயிலுக்கும் இறகுகூட உதிரவில்லை. பக்கத்து வயல்காரர்கள் கேலி பேசுவது கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறார்களே என்று மீரா உசேனுக்கு ஆற்றாமை. புருஷனுடைய மானத்தைவிட இந்தப் பெண்ணுக்குச் சிக்கனம் பெரிதாகப் போய்விட்டது.

பொட்டலம் கட்ட உள்பக்கம் திரும்பியவர், பழசை ஒதுக்கிவிட்டுப் புதிய ரப்பரை எடுத்தார். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லா ரப்பருக்கும் பவுடர் பூசித்தான் கொடுப்பார். பவுடர் பூசிவிட்டால் கறுப்பு ரப்பரில் புதுசும் பழசும் ஒன்றுதான். பழசின் விலையைத்தான் வாங்கிக்கொண்டார். செய்த நல்லதைச் சொல்லிக் காட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அன்று முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

ஐந்தாம் நாள் சாமிதுரையே வந்தார். நான்கு நாள் தாடி. துப்பாக்கியைக் கடைப்பலகையில் வைத்தார்.

"பாய், உண்மையைச் சொல்லுங்க. வானதி கடைசியா எந்த ரப்பரை வாங்குனா?"

மீரா உசேன் சிரித்தார்.

"கேட்டது என்னவோ செத்த ரப்பரைத்தான். நான்தான் அவங்களுக்குத் தெரியாம நல்லதா வச்சுக் கட்டினேன். எப்படி வேலை செய்யுது?"

சாமிதுரை பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ பொய் சொல்லலை."

"என்னங்க ஆச்சு?"

"பொட்டை மயிலு பாய். கழுத்துல பட்டு அந்த இடத்துலயே விழுந்துடுச்சு. நாலு குஞ்சு. சாயங்காலம் வரைக்கும் அதையே சுத்திச் சுத்தி வந்துச்சுங்க. வீட்டுக்குப் போய் அவளை வாயில வந்தபடி பேசிட்டேன். பழசைத்தான் வாங்கினேன்னு சாமிமலை முருகன் மேல சத்தியம் பண்ணா. நான் நம்பலை. அழுதுக்கிட்டே அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

மீரா உசேனுக்குத் தான் கட்டிக் கொடுத்த பொட்டலம் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்புதாங்க. நானே வந்து தங்கச்சிகிட்ட சொல்றேன். ஆனா மயிலை அடிக்கத்தானே துப்பாக்கி வாங்குனீங்க? குறி வச்சது நீங்கதானே?"

சாமிதுரை முன்கையில் பச்சை குத்தியிருந்த முருகனின் வேலைத் தடவிக்கொண்டார்.

"வச்சேன். ஒரு வருஷமா தினம் வச்சேன். நாலு பேரு பாக்குறாங்களேன்னு நேரா கழுத்துக்குத்தான் வச்சேன். அன்னைக்கு இழுக்குறப்பவே கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. புதுசா மாட்டுனது, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

எழுந்தார். துப்பாக்கியை எடுக்கவில்லை. படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"என் வீட்டுக்காரி செத்த ரப்பரைத்தான் வாங்கியாருவாங்கிற தைரியத்துலதான் பாய் குறியே வச்சேன்."