சுற்று லைன் சீசன்

"நேர் வழி இருக்கும்போது எதுக்குத் தம்பி சுத்துற வழி கேக்குறீங்க?"

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தையல்காரனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தையல்காரன் என்பதைச் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த இன்ச் டேப்பே சொல்லிவிட்டது. ஊருக்கெல்லாம் காலர் தைக்கிறவன், தன் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடப்பது தெரியாமல் நின்றிருந்தான்.

நேற்று அவன் டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டிருந்தான். காகித சீசன் டிக்கெட் இருந்த காலத்தில் எந்த லைன் வண்டியில் ஏறினாலும் கேள்வி கிடையாது. புது ஸ்மார்ட் கார்டு அப்படியில்லை. அதில் ஒரு வழிதான் பதிவாகும். நேர் லைனுக்கு எடுத்தவன் சுற்று லைன் வண்டியில் உட்கார்ந்தால், கையில் கார்டு இருந்தும் அவன் டிக்கெட் இல்லாத பயணிதான். இன்னொரு தடவை பிடிபட்டால் கார்டையே முடக்கிவிடுவோம் என்று மிரட்டி அனுப்பியிருந்தார்கள்.

அவள் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். நேர் லைனில் சீக்கிரம் போய்ச் சேரலாம், உட்கார இடம் கிடைக்கும், கட்டணமும் குறைவு. சுற்று லைன் வண்டி ஊரெல்லாம் வலம் வந்துவிட்டு அதே ஸ்டேஷனுக்குத்தான் போகிறது. தையல்காரன் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினான். ஆட்டி முடித்துவிட்டு, சுற்று லைனே போட்டுக் கொடுங்கள் என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்தான்.

"அந்த வழியில உங்க வீடோ வேலையோ இருந்தாத்தான் போட முடியும். இருக்கா?"

"இல்ல மேடம்."

"பின்ன எதுக்கு?"

அவன் வண்டி வரும் பக்கம் பார்த்தான். சரி, கார்டையாவது கொடுங்கள் என்றதும் பேன்ட் பையைத் துழாவினான். கார்டோடு சேர்ந்து ஒரு சிவப்பு ரிப்பனும் வெளியே வந்தது. அதை அவன் அவசரமாக உள்ளே திணித்ததைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த ஜன்னலில் உட்கார்ந்து இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

"பொண்ணா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பெண் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறாள் என்று கேட்டாள். சுற்று லைன் ஸ்டேஷன்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பேரைச் சொன்னால் போதும், அந்தப் பெண் காலேஜா ஆபீசா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"நான் ஏறும்போதே வண்டியில இருப்பா மேடம். நான் இறங்கின பிறகும் போய்க்கிட்டுத்தான் இருப்பா."

"உங்களைத் திரும்பியாவது பார்ப்பாளா?"

"வர்ற வழியில பார்க்க மாட்டா."

அவள் முகம் மாறிவிட்டது. திரும்பிப் பார்க்காத பெண்ணின் பின்னால் சுற்றுவதற்கு ரயில்வே கார்டு போட்டுக் கொடுக்காது என்று கறாராகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது தொந்தரவு என்று தெரிந்தால் தானே போலீசுக்குப் போவதாகவும் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"தொந்தரவெல்லாம் இல்லீங்க. நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். இந்தப் பக்கம் நான் சாஞ்சு நின்னுக்குவேன். அந்தப் பக்கம் அவ இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், அன்னைக்கு நாள் ஓடிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா அவளுக்குத்தான் கஷ்டம்."

லேடீஸ் பெட்டித் தடுப்பு என்று அவள் புரிந்துகொண்டாள். 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அவள் புருஷன் தினமும் காலையில் அவளை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிடுவான். அவள் இரண்டு படி ஏறுவதற்குள் அவன் பைக் தெருமுனையைத் தாண்டியிருக்கும். நல்ல மனிதன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தடுப்பில் சாய்ந்துகொண்டு ஊரையே சுற்றி வர ஒருத்தன் இருக்கிறான் என்பதைக் கேட்கும்போது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது. தன்னையும் யாராவது இப்படித் தேடினால் தேவலை என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு 'வீடு' என்று பொய்யாகத் தட்டினாள்.

"இந்த ஒரு மாசத்துக்குத்தான். அதுக்குள்ள மனசை மாத்திக்கணும், புரியுதா?"

அவன் கார்டை வாங்கிக் கும்பிட்டான். அதற்குள் சுற்று லைன் வண்டி வரும் சத்தம் கேட்டது. வாசல் மெஷினில் கார்டைக் காட்டியவன், கதவு திறந்ததும் கார்டை மெஷின் மேலேயே விட்டுவிட்டு ஓடினான். பாடுபட்டு வாங்கியதை விட்டுவிட்டுப் போகிறானே என்று நொந்துகொண்டு, அவள் கவுன்ட்டரைச் சாத்திவிட்டுக் கார்டோடு பின்னால் ஓடினாள்.

வண்டி நின்றிருந்தது. அவன் லேடீஸ் பெட்டியைத் தாண்டிப் போனான். உள்ளே ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் பெட்டியின் கதவையும் தாண்டி, வண்டியின் முகப்புக்குப் போய் நின்றான். பைத்தியம் நிஜமாகவே முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மூச்சு வாங்க அவள் நெருங்கினாள்.

முகப்பு ஜன்னலிலிருந்து சீருடைக் கை ஒன்று நீண்டு, அவனுடைய காலரை எடுத்து ஒழுங்காக மடித்துவிட்டது.

"ராத்திரி பாப்பா அம்மா வேணும்னு அழுதாளா?" என்று கேட்டாள், ரயிலை ஓட்டி வந்தவள்.