மீசையும் ஓகாரமும்

“இங்கிலீஷ் பேசறதுக்கும் மீசைக்கும் என்னடா சம்பந்தம்?”

கேட்டவர் கொதிகலன் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே காதில் விழும். அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

“எடுத்துடுங்கப்பா. உச்சரிப்பு தெளிவா இருக்கும்,” என்றான் மகன்.

“உச்சரிப்பு வாயில இருந்து வருதா, மீசைல இருந்து வருதா?”

“எனக்கும் ஒண்ணும் புரியல,” என்றாள் மனைவி. “ஆனா கல்யாணமாகி இன்னிக்குத்தான் உங்க மேலுதட்டையே பார்க்கப் போறேன். எடுத்துட்டு வாங்க.”

மகன் கட்டிக்கொள்ளப் போகும் பெண் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள். வேற்று நாட்டுக்காரி. ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ‘திஸ் இஸ் யுவர் ஹோம்’ என்று ஒரு வாக்கியமாவது தன் வாயால் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. மகனைப் பேசவிட்டு, இன்னொரு நாற்காலி மாதிரி சும்மா கிடக்க அவர் தயாராக இல்லை.

மீசை போயிற்று. குழப்பம் போகவில்லை.

மகன் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான். உள்ளே நின்று பேசும்படி சைகை காட்டினான்.

“திஸ் இஸ் யுவர் ஹோம்.”

இல்லை என்று தலையாட்டினான். உதட்டைக் குவித்துக் காட்டினான்.

“ஹோ...ம்,” என்று அடித்தொண்டையிலிருந்து ஒன்று விட்டார். மாடி வீட்டு நாய் குரைத்தது. மகன் கதவைத் திறந்தான்.

“சத்தம் வேணாம்பா. ஓவுக்கு வாய் குவியணும், இஸ்ஸுக்கு விரியணும். சத்தமே வராட்டாலும் பரவாயில்ல.”

“சத்தமே இல்லாம எவன்டா இங்கிலீஷ் பேசறான்?”

கதவு மறுபடி மூடியது. என் குரல் இவனுக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் நாலு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, அந்த மொட்டை உதட்டைக் குவித்தும் விரித்தும் பழகினார்.

ஞாயிறன்று அந்தப் பெண் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். மீசை இருந்த இடம் வெளுத்துக் கிடப்பதைத்தான் பார்க்கிறாளோ என்று அவருக்குக் கூசியது.

“திஸ்... இஸ்... யுவர்... ஹோம்,” என்றார், மெல்ல.

அவள் முகம் மலர்ந்தது. “தேங்க் யூ,” என்றாள். குரல் மழுங்கி, மூக்கில் தேய்ந்து வந்தது. என்னைவிட மோசமாகப் பேசுகிறாளே, இவளுக்காகவா இத்தனை பாடு என்று அவர் விழித்தார்.

சமையலறையில் மனைவியின் கை தவறி, பாத்திர அடுக்கு மொத்தமும் தரையில் சரிந்தது. அவர் துள்ளி எழுந்தார். மாடி வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பெண் மட்டும் அசையவில்லை. அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். “ஏன்டா, முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா, காது கேக்காத பொண்ணுன்னு கத்திப் பேசியிருப்பீங்கப்பா.”