மாற்றிய முடிவு

தியேட்டரை விட்டு வெளியே வந்தும் பூபதிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நாவலைக் குட்டிச்சுவராக்கிட்டாங்க. புத்தகத்துல அந்தப் பொண்ணு ஏரியில மூழ்கிச் செத்துப்போவா. இங்க காப்பாத்தி, கல்யாணமும் பண்ணி வெச்சுட்டாங்க. நீதான் அதைப் படிக்கவே இல்லையே" என்றார் மனைவி பிரபாவிடம்.

"என்னால படிக்க முடியலீங்க. நாளைக்கும் இந்தப் படத்துக்கே கூட்டிட்டு வாங்க."

"இந்தக் குப்பைக்கா?"

அம்மாபேட்டை பஸ் வந்து நின்றது. பிரபா ஏறவில்லை.

"நீங்க நடந்ததை நடந்தபடியே நாவலா எழுதிட்டீங்க. நம்ம பொண்ணு உசுரோட கரையேறி வந்ததை நான் இந்தப் படத்துலதானுங்க பார்த்தேன்."

தண்ணீர் சொட்டச் சொட்ட மகளைக் கரையில் கிடத்திய அன்றைக்குப் போலவே, பூபதி இப்போதும் பிரபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பஸ் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.